சித்தப்பா கேட்ட கேள்வி

பொங்கல் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். "எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பும் துருவும்தான், பரவாயில்லையா?" என்றேன். "அதையே எழுதுங்கள் சார். போகிக்குப் பழையதைக் கழிக்கிறோம், பொருத்தமாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்தத் தைரியத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் டிப்ளமோ படித்தவன். முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வே பட்டறைகளில் வேலை பார்த்து 2020-இல் ஓய்வு பெற்றவன். பெரிய தத்துவங்கள் எதையும் வாசகர்கள் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டவர் இன்று உயிரோடு இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

லாங் ஐலண்டில் ஒரு விடுமுறை

என் அப்பா போர்ட் பிளேரில் மரைனில் வேலை பார்த்தார். சித்தப்பாவுக்கு லாங் ஐலண்டில் இருந்த தனியார் ப்ளைவுட் ஆலையில் பாய்லர் வேலை. 1974-இல் பள்ளி விடுமுறைக்கு என்னைக் கப்பலேற்றி அவரிடம் அனுப்பி வைத்தார்கள். அப்போது எனக்கு வயது பதினான்கு.

லாங் ஐலண்டைப் பார்க்காத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நடு அந்தமானின் கிழக்குக் கரையை ஒட்டிய சின்னத் தீவு அது. இன்றைக்குப் போவதானால் ரங்கத் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து எரட்டா ஜெட்டியில் படகு பிடிக்க வேண்டும். காட்டு வழியே நடந்தால் லாலாஜி பே என்னும் அழகான கடற்கரைக்குப் போகலாம். இன்று சுற்றுலாப் பயணிகள் அதற்காகத்தான் வருகிறார்கள். எங்கள் காலத்தில் லாங் ஐலண்ட் என்றால் ஆலைதான். ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழும், மறுபடி ஊதினால் ஊர் சாப்பிடும். தமிழர், தெலுங்கர், வங்காளிகள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் என்று எல்லோரும் அங்கே இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக நம் அந்தமான் இந்தி.

ப்ளைவுட் எப்படிச் செய்கிறார்கள் என்பதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். பெரிய கர்ஜன் மரத்தை அளவாக அறுத்து, வெந்நீரிலோ நீராவியிலோ போட்டு இளக்குவார்கள். பிறகு அதைப் பீலிங் லேத்தில் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துச் சுழற்றுவார்கள். நீளமான கத்தி ஒன்று மெதுவாக உள்ளே நகரும். பென்சில் சீவுவதுபோல மரம் ஒரே நீளத் தாளாகச் சுருண்டு வெளியே வரும். அதற்கு வெனீர் என்று பெயர். அதை வெட்டி, காயவைத்து, பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் பலகை. ஓரத்தை அறுத்துச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

இதில் ஒரு சங்கதி உண்டு. லேத்துக்குள் போகும் மரத்தில் ஏறக்குறைய பாதிதான் பலகையாக வெளியே வரும். மரம் சரியான வட்டமாக இருக்காது, ஆகவே முதலில் வருவதெல்லாம் கிழிசல். நடுவில் கவ்விப் பிடித்த பகுதியைச் சீவ முடியாது, அது உருளையாக மிஞ்சும். ஓரம் அறுத்த துண்டுகள், மரத்தூள், உடைந்த வெனீர் என்று மற்றவையும் சேரும்.

அந்த மற்றப் பாதி எங்கே போனது? கிழிசலும் துண்டுகளும் சித்தப்பாவின் பாய்லருக்குப் போயின. அதிலிருந்து வந்த நீராவிதான் வெனீரைக் காயவைத்தது, பிரஸ்ஸைச் சூடாக்கியது. உருளைகள் வீட்டுக்குத் தூணாகவும் வேலிக்குக் காலாகவும் நின்றன. மரத்தூளை சித்தி தகர அடுப்பில் இறுக்கி அடைத்து, நடுவில் கட்டையை உருவித் துளை விட்டுப் பற்றவைப்பார். ஒரு தடவை அடைத்தால் ஒரு வேளைச் சமையல் முடியும். பாய்லர்ச் சாம்பல் தென்னங்கன்றுகளுக்கு உரம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் சித்தப்பா செய்து கொடுத்த புத்தக அலமாரி இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

"பாத்துக்கடா தம்பி, இங்க ஒரு சிராய்கூட வீணாகாது" என்று பாய்லர் கதவைத் திறந்துகொண்டே சொல்வார். அந்த முகத்தில் நெருப்பின் வெளிச்சமும் பெருமையும் சேர்ந்து தெரியும். நான் பிற்பாடு எஞ்சினியரிங் டிப்ளமோவில் சேர்ந்ததற்கு அந்தப் பாய்லர்தான் காரணம்.

2003-இல் கேட்ட கேள்வி

நீலகிரி மாவட்டத்துக் காடுகளைப் பற்றி 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு, கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கு, வளர்ந்து வளர்ந்து இந்தியா முழுவதிலும் உள்ள காடுகளுக்கான வழக்காக ஆயிற்று. அது நம் தீவுகளையும் தொட்டது. நீதிமன்றம் சேகர் சிங் என்பவரின் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. அந்த அறிக்கையை வைத்து 2002 மே 7-ஆம் தேதி உத்தரவு வந்தது. மர ஆலைகளுக்காகத் தீவுகளின் இயற்கைக் காட்டை வெட்டுவதும், மரத்தைத் தீவுக்கு வெளியே அனுப்புவதும் நின்றன. அந்த ஆண்டுகளில் தனியார் ப்ளைவுட் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லாங் ஐலண்டிலும் சங்கு ஓய்ந்தது.

2003-இல் லீவில் வந்தபோது சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலர் போர்ட் பிளேருக்கும் சிலர் மெயின்லாண்டுக்கும் போய்விட்டார்கள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"நீ எஞ்சினியர். நீயே சொல்லு தம்பி. ஒரு சிராய்கூட நாங்க வீணாக்கலையே. அப்புறம் எதுக்கு மூடினாங்க?"

நான் "கோர்ட்டு உத்தரவு சித்தப்பா, என்ன செய்ய முடியும்" என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2009-இல் அவர் காலமாகிவிட்டார்.

பிரித்து வைத்தால் சரக்கு

அந்தப் பதிலை நான் கற்றுக்கொண்ட இடம் ரயில்வேயின் கழிவு இரும்பு யார்டு. வாசகர்களில் பலர் ரயில் என்றால் எஞ்சினும் பெட்டியும் என்று நினைப்பீர்கள். தேய்ந்த தண்டவாளம், கண்டம் ஆன சக்கரம், உடைந்த ஸ்பிரிங், பிரேக் கட்டை, பழைய பெட்டியின் தகடு, மோட்டாரின் செம்புக் கம்பி என்று நாள்தோறும் வந்து குவிவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதை ஏலம் விட்டு மட்டும் இந்திய ரயில்வே 2020-21-ஆம் ஆண்டில் 4,500 கோடி ரூபாய்க்கு மேல் சம்பாதித்தது. பட்டறைகளே திரும்ப எடுத்துக்கொண்டது இந்தக் கணக்கில் சேராது.

நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யார்டு என் பொறுப்பில் வந்தது. அங்கே ஒரு வயதான கலாசி இருந்தார். படிப்பு இல்லை. ஆனால் ஸ்பிரிங் எஃகு ஒரு மூலை, வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை ஒரு மூலை, செம்பும் பித்தளையும் பூட்டிய கொட்டகை என்று பல ஆண்டுகளாகப் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார். எனக்கோ மார்ச் மாதக் கடைசிக்குள் யார்டைக் காலி செய்து கணக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரம். கிரேனைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு ஏலத்துக்கு விட்டுவிட்டேன். செம்பை மட்டும் எடுத்து வைத்தேன், அதிலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. கிடைத்த விலையைப் பார்த்து மேலதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்ததை எழுத வேண்டாம்.

திரும்பி வந்தபோது கலாசி சொன்னார்: "சார், பிரிச்சு வெச்சா சரக்கு. கலந்துட்டா குப்பை."

அதன் விஞ்ஞானத்தை நான் பிறகுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். எஃகை உருக்கும்போது கார்பனை எரித்துக் குறைக்கலாம். பாஸ்பரஸையும் கந்தகத்தையும் சுண்ணாம்பு சேர்த்து ஓரளவு கசடாக வெளியே எடுக்கலாம். ஆனால் செம்பு உள்ளே போய்விட்டால் உலையில் அதை வெளியே எடுக்க வழி இல்லை. ஈயம் பூசும் வெள்ளீயமும் அப்படித்தான். செம்பு அதிகமான எஃகைச் சூட்டில் உருட்டினால் மேற்பரப்பு வெடித்துப் பிளக்கும். அடுத்த முறை உருக்கினாலும் அந்தச் செம்பு கூடவே வரும், அதற்கடுத்த முறையும் வரும். வீட்டில் பாலில் ஒரு சொட்டு மோர் விழுந்தால் என்ன ஆகும்? அப்படித்தான். பாலை மோராக்கலாம், மோரைப் பாலாக்க முடியாது.

எலகங்காவில் மறுபிறவி

இதற்கு நேர்மாறாக, பிரித்து வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பெங்களூருக்கு அருகில் எலகங்காவில் உள்ள ரயில் சக்கரத் தொழிற்சாலையில் பார்த்தேன். 1984-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அதற்கு முன் நாம் வெளிநாட்டிலிருந்து நிறையச் சக்கரங்களை வரவழைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சரக்கு வாகனின் சக்கரம் புதிதாக இருக்கும்போது விட்டம் 1,000 மில்லிமீட்டர். ஓடி ஓடித் தேய்ந்தும், லேத்தில் கடைந்து சரிசெய்தும் 906 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதற்கு ஓய்வு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் 47 மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் போயிருக்கிறது. மற்ற இரும்பெல்லாம் அப்படியே இருக்கிறது. அதுவும் எந்தச் சரக்கு, என்ன கலவை என்பது முன்பே தெரிந்த நல்ல எஃகு. அதனால் கண்டம் ஆன சக்கரங்கள், அச்சுகள் முதலான ரயில்வேயின் சொந்தக் கழிவு இரும்பே எலகங்காவுக்கு மூலப்பொருள்.

அங்கே மின்வில் உலையில், கிராஃபைட் தண்டுகளுக்கும் இரும்புக்கும் இடையே மின்னல் வெட்டுவதுபோல ஒளிவில் எழும்பும். இரைச்சல் காதைப் பிளக்கும். 1,600 டிகிரியைத் தாண்டி இரும்பு தண்ணீராகும். அதை ஒரு பாத்திரத்தில் வாங்கி, காற்றுப் புகாத தொட்டிக்குள் இறக்கி மூடுவார்கள். மூடியின் நடுவே ஒரு பீங்கான் குழாய். அதன் மேல் கிராஃபைட் அச்சை வைத்து, தொட்டிக்குள் காற்றை அழுத்தினால், நாம் இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல உருகிய எஃகு மேலே ஏறி அச்சை நிரப்பும். கீழிருந்து அமைதியாக ஏறுவதால் சக்கரத்துக்குள் காற்றுக் குமிழி குறைவு. சிவந்த சக்கரத்தின் நடுவில் அச்சுக்காகத் துளை வெட்டுகிறார்கள். அந்த வெட்டிய துண்டும், கடைசலில் விழும் சுருளும் மறுபடி உலைக்கே போகின்றன.

சக்கரமாக ஓடித் தேய்ந்த இரும்பு சக்கரமாகவே மறுபிறவி எடுக்கிறது. இதற்கு இப்போது சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கலாசி அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

லாபம் என்ன? 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கழிவு எஃகுக் கொள்கை ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு டன் கழிவு எஃகைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதும், 630 கிலோ கோக்கிங் நிலக்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக் கல்லும் மிச்சம். அந்த நிலக்கரியில் பெரும்பகுதியை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்குப் பதில்

எலகங்காவிலிருந்து திரும்பும் ரயிலில் எனக்குச் சித்தப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அங்கும் வீணாக்கவில்லை, இங்கும் வீணாக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஜோலார்பேட்டை வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது.

சக்கரத் தொழிற்சாலையின் வாசலுக்கு வெளியே போன சக்கரம் ஒரு நாள் திரும்பி வரும். வாங்குகிறவரும் ரயில்வே, கழிவைக் கொடுக்கிறவரும் ரயில்வே. வட்டம் வாசலுக்கு வெளியிலும் போய்த் திரும்புகிறது. லாங் ஐலண்ட் ஆலையில் வட்டம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே வந்த மரத்தில் ஒரு சிராய்கூட வீணாகவில்லை, உண்மை. ஆனால் மரம் வந்த இடத்துக்கு எதுவும் திரும்பிப் போகவில்லை.

ஒரு பெரிய கர்ஜன் மரம் அந்த உயரத்துக்கு வளர நம் தாத்தா காலமும் போதாது. லேத் அதன் ஒரு துண்டைச் சில நிமிடங்களில் சீவிவிடும். அது விழும்போது பக்கத்து மரங்களையும் சாய்க்கும். கிளையும் முனையும் காட்டிலேயே கிடக்கும். அந்தக் கணக்கு பாய்லர் ரூமுக்கு வராது. காடு தானாகவே மறுபடி முளைத்து வரும்படி முறைப்படுத்தி வெட்டும் திட்டம் ஒன்று வனத்துறையிடம் இருந்தது. அதை வகுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் வெட்டிய வேகத்துக்கு ஈடாகப் பழைய காடு பழைய காடாகத் திரும்பவில்லை. ரயில்வேயும் இதில் பங்குதாரர்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. கர்ஜன் கட்டைக்கு மருந்து ஏற்றித் தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பராகப் போட்ட காலம் உண்டு. இப்போது அந்த இடத்தில் கான்கிரீட் ஸ்லீப்பர்.

ஆகவே, சித்தப்பா, நீங்கள் ஒரு சிராயையும் வீணாக்கவில்லை. உங்கள் பாய்லரில் குற்றம் இல்லை. ஆலை மதிலுக்குள் கணக்கு நேராக இருந்தது, மதிலுக்கு வெளியே அது நேராகவில்லை. 2003-இல் திண்ணையில் உட்கார்ந்து இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் வேலை திரும்பக் கிடைத்திருக்காது. ஆனால் தன் உழைப்பில் ஏதோ தப்பு என்ற எண்ணத்தோடு அவர் போயிருக்க மாட்டார்.

மூடிய பின் திறந்த கதை

நீதிமன்றம் மூடச் சொன்னால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். திருப்பூரைப் பாருங்கள். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே விவசாயிகளின் நிலமும் கிணறும் பாழாயின. விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும், விதிப்படி இயங்காத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது.

அங்கே வட்டத்தைப் பூர்த்தி செய்ய வழி இருந்தது. சாயத் தண்ணீரை வடிகட்டி, சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் மீட்டு, இரண்டையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பினார்கள். ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பது விதி. செலவு பெரிது, மின்சாரம் நிறையப் பிடிக்கும், மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கும் தொல்லை இருக்கிறது. ஆனாலும் தொழில் பிழைத்தது. பாழான நிலத்துக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விவசாயிகளைக் கேட்டால் அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீரையும் உப்பையும் சில மணி நேரத்தில் மீட்கலாம். நூறு வருஷத்து மரத்தை மீட்க எந்த இயந்திரமும் இல்லை. எதை நாம் எடுக்கிறோமோ அது திரும்பி வர எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. ஆலையின் அளவு அதற்குப் பிறகுதான்.

டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்று ஒரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. 1972-இல் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மிச்ச வாயுவைப் பக்கத்து ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை வாங்கிக்கொண்டது. பிறகு அனல்மின் நிலையத்தின் நீராவி, புகையைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் ஜிப்சம் என்று ஒருவர் கழிவு அடுத்தவர் சரக்காக ஆயிற்று. பக்கத்து வீட்டில் மோர் வாங்கிக்கொண்டு கறிவேப்பிலை கொடுக்கும் நம் வழக்கம்தான், தொழிற்சாலை அளவில். நம் தீவுக்கு மூட்டையில் வரும் சிமெண்டிலும் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பலோ, எஃகாலைக் கசடோ கலந்துதான் இருக்கிறது. மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

நம் தீவின் கணக்கு

சென்ற ஆண்டு மறுபடி லாங் ஐலண்டுக்குப் போனேன். ஆலை இருந்த பக்கம் நடந்தேன். புதருக்குள் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் கிடந்தன. ரயில்வேக்காரன் கண் அல்லவா, உடனே எடை போட்டது. மெயின்லாண்டில் இந்த இரும்பு ஒரு வாரம் தரையில் கிடக்காது, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே ஏன் கிடக்கிறது?

காரணம் எளிது. சென்னைக்கும் நமக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். இரும்பின் விலையைப் படகுக் கூலியும் கப்பல் கூலியும் தின்றுவிடுகின்றன. வரும்போது கப்பல் சிமெண்ட், கம்பி, தகரம், வண்டி, டின், பாட்டில் என்று நிறைந்து வருகிறது. முன்பு திரும்பிப் போகும்போது மரம் ஏற்றிப் போனது. இப்போது தேங்காயும் பாக்கும் போக, இடம் மிச்சம் இருக்கிறது. நம் தீவுக்கு ஒருவழிப் பாதை போட்டிருக்கிறோம். வருவது வருகிறது, திரும்புவதில்லை. லாங் ஐலண்ட் ஆலையின் கணக்கு இப்போது தலைகீழாக நம் வீட்டு வாசலில் நிற்கிறது. அன்று எடுத்த இடத்துக்கு எதுவும் திரும்பவில்லை. இன்று வந்த இடத்துக்கு எதுவும் திரும்பவில்லை.

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. பழைய வாகனங்களைப் பிரித்து உடைக்கும் நிலையங்களுக்கு 2021-இல் விதிகள் வந்தன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பேட்டரியைச் செய்து விற்றவரே பழையதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்கின்றன. விற்றவன் திரும்ப வாங்க வேண்டும் என்பதுதான் எலகங்காவின் பாடமும். ஆனால் பழையதை ஒழுங்காக அவர் கையில் சேர்ப்பது நம் வேலை.

நம் சங்கத்தில் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கடைக்காரர்கள் இருக்கிறார்கள், கப்பல் ஏஜெண்டுகள், பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று யோசனைகள்.

முதலாவது, பிரித்து வையுங்கள். கட்டுமான வேலையில் மிஞ்சும் கம்பித் துண்டு தனியாக, தகரம் தனியாக, அலுமினியம் தனியாக, செம்புக் கம்பி தனியாக, பேட்டரி நிழலில் தனியாக. ஒரு சாக்கில் எல்லாவற்றையும் திணித்தால் அது குப்பை. நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம் இது, நீங்கள் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, சேர்ந்து அனுப்புங்கள். ஒருவர் இருநூறு கிலோ இரும்பை அனுப்பினால் கட்டாது. இருபது பேருடையது சேர்ந்து ஒரு கண்டெய்னர் நிறைந்தால் கட்டலாம். ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் அன்பர்களும் சேர்ந்தால் நிச்சயம் நிறையும்.

மூன்றாவது, திரும்பிப் போகும் கப்பலில் கழிவு உலோகத்துக்குச் சலுகைக் கட்டணம் கேட்டு நம் சங்கம் நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுக்கலாம். ஸ்ரீ விஜயபுரம் என்று ஊரின் பெயர் 2024-இல் மாறிவிட்டது. துறைமுகத்தில் காலி இடத்தோடு கிளம்பும் கப்பல் மட்டும் மாறவில்லை. மனு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ரயில்வேயில் மனு எழுதியே தலை நரைத்தவன்.

இந்தப் போகிக்கு

கடைசியாக, செயலாளர் நினைவூட்டிய போகி. சின்ன வயதில் நாங்களும் பழைய பாய், கிழிந்த கூடை எல்லாம் போட்டுக் கொளுத்தி, டப்பா தட்டியிருக்கிறோம். அன்று எரித்ததெல்லாம் கோரையும் மூங்கிலும். சாம்பல் மண்ணுக்குப் போயிற்று. இன்று வீட்டில் பழையது என்றால் டயரும் பிளாஸ்டிக்கும் வயரும். அதை எரித்தால் கழிவது ஒன்றுமில்லை, காற்றில் ஏறி நம் மூச்சுக்கே திரும்புகிறது.

ஆகவே இந்த மார்கழிக் கடைசி நாளில் எதையும் கொளுத்த வேண்டாம். பழைய இரும்பையும் பேட்டரியையும் வயரையும் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவாருங்கள். காலை ஏழு மணிக்கு நான் அங்கே தராசோடும் ஐந்து காலி டிரம்மோடும் இருப்பேன். எந்த டிரம்மில் எதைப் போடுவது என்று சொல்லித் தருகிறேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், காந்தத்தை வைத்து இரும்பு எது, இரும்பு அல்லாதது எது என்று கண்டுபிடிக்கும் வேலை அவர்களுக்கு.

இரும்புக்கு உண்மையான போகி உலைக்களத்தில்தான். அங்கே அது எரிந்து சாம்பலாவதில்லை, மறுபடி சக்கரமாகவோ கம்பியாகவோ எழுந்து வருகிறது. அதுவரை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு. சித்தப்பா இருந்திருந்தால் முதல் ஆளாக ஒரு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருப்பார்.

அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துக்கள்.